மேகநாதனின் மதநீர்

தென்பெண்ணையின் நீரில் மாலைச் சூரியன் குங்குமத்தைக் கரைத்துக்கொண்டிருந்த வேளையில், நெடுங்கரைக் கோட்டையின் யானைக் களத்தில் ஊரே கூடியிருந்தது. வளை வணிகன் மாசாத்தனை யானைக் காலில் இடறும்படி மன்னர் ஆணையிட்டிருந்தார். கோட்டையின் சுரங்க வழியைப் பகைவருக்கு அறிவிக்கும் ஓலை ஒன்று அவனுடைய பெட்டியில் அகப்பட்டிருந்தது.

மும்முறை ஏவியும் யானை மறுத்தால் அவன் குற்றமற்றவன் என்று விடுதலை. அது அந்நாட்டு வழக்கம். ஆனால் இதுவரை எந்த யானையும் மறுத்ததில்லை.

தண்டனை பெற்றவனுக்குரிய செவ்வாடையை யானை மருத்துவச்சி விடங்கி அவன் தோளில் போர்த்தினாள்.

மாசாத்தன் மூக்கைச் சுளித்தான். "சாகப் போகிறவனுக்குத் துவைத்த துணி கொடுக்கக் கூடாதா, மருத்துவச்சியாரே?"

"பேசாமல் நில்லும்."

வாசகர்களே, அந்த நாற்றத்தின் கதை இது. வெளியே புளியந்தோப்பில் ஐம்பது வயதுக் களிறு மேகநாதன் மதங்கொண்டு சங்கிலியில் நின்றது. நண்பகலில் விடங்கி அந்தச் செவ்வாடையை மூங்கில் கழியில் சுற்றி, அதன் கன்னத்தில் வழிந்த மதநீரைத் துடைத்து எடுத்திருந்தாள். இளங்களிற்றின் முதல் மதம் தேனாய் மணக்கும். முதிர்ந்த களிற்றின் மதமோ, 'விலகிப் போ' என்று இளையவற்றுக்கு இடும் கட்டளை.

களத்தில் பாகன் தன் யானை வீரகேசரியை ஏவினான். அந்த இளங்களிறு துதிக்கை நுனியால் ஆடையைத் தொட்டு, மேலண்ணத்தில் வைத்துப் பார்த்தது. பின்வாங்கியது. இரண்டாம் முறை பத்தடி தள்ளியே நின்றுவிட்டது. மூன்றாம் முறை அங்குசம் பட்டதும், பாகனையும் சுமந்துகொண்டு கொட்டிலுக்கு ஓடியது.

"பாகனாரே, உம் சிங்கம் சோறு தின்னப் போகிறதா?" என்றான் ஒருவன். களமே சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை, ஆயினும் வழக்கத்தை மீறாமல் விடுதலை அளித்தார்.

துறையில் பரிசல் காத்திருந்தது. வழியனுப்ப வந்த விடங்கி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அந்த ஓலையை எழுதியவள் நான். அக்கரை அரசரின் ஒற்றர்களில் ஒருத்தி."

"தெரியும். நான் அக்கரைச் சந்தைக்குப் புறப்படும் முன்பு, வளை பார்ப்பதுபோல் வந்து பெட்டியின் அடியில் செருகினீர்களே."

அவள் திகைத்தாள். "பிறகு ஏன் மன்னரிடம் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் இன்று களத்தில் நீங்கள் நின்றிருப்பீர்கள்." மாசாத்தன் பரிசலில் ஒதுங்கி இடம் விட்டான். "நான் குற்றவாளி இல்லையென்றால், விடிந்ததும் வேறொருவரைத் தேடத்தான் செய்வார்கள். ஏறுங்கள்."

விடங்கி ஏறினாள்.