நெல்லறையில் பவளராணி

பதிவில், வேணுகா மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், இன்னொருத்தி மூச்சு விட்டாள்.

சின்னச் சத்தம்தான். கோப்பி ஆற்றிக்கொண்டு கேட்டால் காதில் விழாது. ஓல்டன் நகரில், நாலாம் மாடிக் குசினியில் நின்று, கைத்தொலைபேசியைக் காதோடு அழுத்தி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள் வேணுகா. "பவளராணி கதவில் காதை வைத்தாள்" என்று தன்னுடைய குரல். பிறகு அந்த மூச்சு, ஒரு பலகைக்கு அப்பாலிருந்து வருவதுபோல, மெல்ல. பிறகு மறுபடி தன்னுடைய குரல்.

பவளராணியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அறுபது வருசத்துக்கு முந்திய ஒரு காதல் தொடர்கதையின் நாயகி அவள். விரும்பியவனோடு போய்விடுவாள் என்று பயந்து தகப்பன் அவளை நெல்லறைக்குள் விட்டுப் பூட்டினார். அடுத்த அத்தியாயம் வருமுன் எழுதியவர் கண்ணை மூடிவிட்டார். அதற்குப் பிறகு கனடாவில் ஒருவர், பாரிசில் ஒருவர் என்று எத்தனையோ பேர் அந்தக் கதையைத் தொடர்ந்தார்கள். எல்லோரும் முதல் வரியிலேயே கதவைத் திறந்து, பத்தாம் பக்கத்தில் தாலியும் கட்டிவைத்தார்கள். வேணுகா மட்டும் திறக்கவில்லை. ஞாயிறு தோறும் ஒரு அத்தியாயம் எழுதி, தானே வாசித்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். இருபது பேர் கேட்ட கதையை இப்போது நானூறு பேர் கேட்டார்கள். பதின்மூன்று கிழமையாகப் பவளராணி உள்ளேயே இருந்தாள். முதியோர் இல்லத்தில் பகல் முழுக்கப் படுக்கை விரிப்பு மாற்றுகிறவளுக்கு, ஒரு நாட்டிலும் கிடைக்காத மரியாதை அது.

மத்தியானம், குழுவில் கதை கேட்கிற மக்டலின் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, போன கிழமை வாசிக்கேக்க பக்கத்தில ஆர் இருந்தது?"

"ஒருத்தரும் இல்லையே. ஏன்?"

"பாலச்சந்திரன் அண்ணை குறட்டை விடுறாரெண்டு நானும் இவரும் சிரிச்சனாங்கள்." மக்டலினின் குரல் இறங்கியது. "பகிடி இல்லையக்கா. அந்தப் பெட்டையைத் திறந்து விடுங்கோவன். எனக்கு நித்திரையே வருகுதில்லை."

"திறந்துவிட்டால் பிறகு ஆரடி கேப்பினம்? இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்."

மக்டலின் சிரிக்கவில்லை.

புருசன் பாலச்சந்திரன் ஓர்லிகோனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நாளைப் பின்னேரம்தான் வருவார். மூன்று மணிக்கு, எதிர் வீட்டுக் கூரையையும் ஆற்றுப் பாலத்தையும் பனிப்புகார் விழுங்கியிருந்த நேரத்தில், வேணுகா தாள்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அவள் வாசிப்பதற்கென்று கண்டுபிடித்த இடம் நிலத்துக்கடியில் இருந்தது. யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்வதற்காக இந்த நாட்டுக்காரர் வீட்டுக்கு வீடு கட்டி வைத்திருக்கும் பங்கர். யுத்தம் வராததால் உடுப்புக் காயப்போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கக் கூடாது என்பது இங்கே எழுதி ஒட்டிய சட்டம். ஆகவே மெசின் இரையாது, ஒருவரும் வரமாட்டார்கள். திங்கள் காலை ஏழு மணிக்குத்தான் அடுத்த வீட்டுக்காரியின் முறை.

ஒரு முழம் மொத்தமான கொங்கிறீற் கதவை வழக்கம்போல முக்கால்வாசி சாத்தி, அடியில் மரக்கட்டையைச் செருகினாள். ஊரில் பங்கருக்குள் பிள்ளையோடு படுத்து எழும்பினவளுக்கு இது ஒரு பொருட்டில்லை. வெறும் கொடிகள். சவர்க்கார வாசம், ஈரச் சுண்ணாம்பு வாசம். அவற்றுக்கடியில், இன்றைக்கு மட்டும், வெயிலில் காய்ந்த நெல்லின் வாசம், தொண்டையைக் கரகரக்க வைக்கும் அந்த உமித்தூள். கதிரையில் உட்கார்ந்து, பதிவை அழுத்தி, வாசித்தாள்.

"பதினான்காம் அத்தியாயம். பவளராணிக்கு இப்போது இரவா பகலா என்று தெரியவில்லை."

மூச்சு வாங்க நிறுத்தினாள்.

முதுகுக்குப் பின்னால் ஒருத்தி மூச்சு விட்டாள்.

வேணுகா திரும்பவில்லை. திரும்பிப் பார்க்காவிட்டால் அது கொடியில் காற்றாக இருந்துவிடும் என்று நினைத்தாள். அந்த அறையில் காற்று இல்லை. கால் மாற்றி வைத்தாள். செருப்பின்கீழ் ஏதோ நெரிந்தது. குனிந்து எடுத்தாள். ஒரு நெல்மணி. பக்கத்தில் இன்னொன்று. சுவரோரத்தில் ஒரு பிடி.

எழும்பிக் கதவுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. எப்போது சாத்தியது? மரக்கட்டை உள்ளே, அவளுடைய காலடியில் கிடந்தது. இரும்புப் பிடியை இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும். அசையவில்லை. தொலைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மேலே நாலு மாடி மனிதர், தேநீர், தொலைக்காட்சி.

"ஹலோ! ஆரும் நிக்கிறீங்களோ?"

குரல் சுவரைத் தொட்டு அப்படியே செத்தது.

விளக்கு அணைந்தது. அது தானாக அணையும் விளக்கு, கையை ஆட்டினால் எரியும். ஆட்டினாள். எரியவில்லை. தொலைபேசியின் வெளிச்சத்தில் நெல் கணுக்கால் வரை நின்றது.

இப்போது மூச்சு காதுக்குப் பக்கத்தில். சூடாக. எண்ணெய் தேய்த்து நாட்பட்ட தலையின் வாடை.

"பிள்ளை," என்றாள் வேணுகா. "பவளம்... நான் விடுறன். இப்பவே விடுறன்."

பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. முழங்கால் வரை நெல். தாள் தேவைப்படவில்லை.

"கதவு திறந்தது," என்று சொன்னாள். "பவளராணி வெளியே போனாள்."

கதவு திறந்தது.

நிசமாக. ஒரு சாண். பிறகு ஒரு முழம். படிக்கட்டு வெளிச்சம் மஞ்சளாக விழுந்தது. யாரோ ஒருத்தி அவளை உரசிக்கொண்டு கடந்தாள். மெலிந்த தோள். ஈரமான சேலை. வெறுங்கால். வேணுகா காலை இழுத்தாள். நெல் விடவில்லை. இன்னொரு முறை. விடவில்லை.

"நில்லு! நானும் வாறன்!"

வாசலில் அவள் நின்றாள். திரும்பவில்லை. கை மட்டும் பின்னால் வந்தது. கதவைப் பிடித்தது. இழுத்தது.

மேல் தாழ். கீழ்த் தாழ்.

இருட்டு. இடுப்பு வரை நெல்.

வெளியே யாரோ பாய் விரித்தார்கள். இன்னும் யாரோ வந்து உட்கார்ந்தார்கள், பலர். ஒருவர் இருமினார், ஒரு குழந்தையை ஒருத்தி அதட்டி அடக்கினாள். அமைதி.

ஒரு இளம்பெண் தொண்டையைச் செருமினாள்.

"வேணுகாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது," என்று அன்போடு தொடங்கினாள்.

வேணுகா அலறினாள்.

வெளியே எல்லோரும், இன்னும் வடிவாகக் கேட்பதற்காக, அரக்கி அரக்கிக் கதவோடு நெருங்கி உட்கார்ந்தார்கள்.