மூன்றாவது டம்ளர்

சலவைக்கூடத்தில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வீடு திரும்புகிறவளுக்கு, பாத்திரத் தொட்டியில் ஒரு டம்ளர் கூடுதலாகக் கிடந்தால் எரிச்சல்தான் வரும். அவளுக்கும் அதுதான் வந்தது. அந்த வீட்டில் பால் குடிக்கிறவர்கள் இரண்டே பேர், ஏழு வயதுப் பெரியவளும் நாலு வயதுச் சின்னவனும். கணவன் லாரியோடு போனால் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வாசலை மிதிப்பான். மாமனாருக்குப் பால் வாடையே ஆகாது. அப்படியிருக்க, தொட்டியில் மூன்று டம்ளர்கள். ஒன்று கூடுதலாகக் கழுவினால் கை தேய்ந்துவிடாதுதான். ஆனால் காலையிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிய கைக்கு அந்த ஒன்றே பெரிய வேலையாகத் தெரிந்தது.

மற்ற இரண்டின் விளிம்பிலும் பிள்ளைகளின் உதட்டுத் தடம் காய்ந்து ஒட்டியிருந்தது. மூன்றாவதன் விளிம்பு துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. ஆனால் அடிவரை காலி. மூக்கருகே கொண்டுபோனாள். பால் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, அவள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த வாடை: ஈரம் காயாமல் மூட்டை கட்டி, வெளிச்சம் படாத மூலையில் போட்டு, நாள்கணக்கில் மறந்துவிட்ட துணி. சோப்பை இரண்டு மடங்கு போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். அன்றைக்கு அதோடு சரி.

மறுநாளும் மூன்று. அதற்கு மறுநாளும் மூன்று.

"மாமா, பாலை நீங்களும் குடிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நானா? நான் எப்பம்மா பால் குடிச்சேன்? பிள்ளைங்களுக்குத்தான், ஆளுக்கு ஒரு டம்ளர்."

"ஆளுக்கு ஒண்ணுன்னா ரெண்டுதானே வரணும்."

"மூணு," என்றார் அவர், பஸ்ஸில் சில்லறை கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல, சாதாரணமாக.

முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர். மூட்டை முடிச்சோடு நெரியும் கூட்டத்திலும் விரல் நுனியால் தலை தலையாகத் தட்டிக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் போவார். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி எண்ணினால் அவர் சொன்ன தொகைதான் வரும். ஒருநாளும் தப்பியதில்லை என்று எங்கே போனாலும் மார்தட்டுவார். இப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கிறார். ஆள் வந்தால் ஒரு நிழல் மட்டும் தெரியும். ஆனாலும் பழக்கம் விடவில்லை. பள்ளிவிட்டு வந்து பின்கட்டில் விளையாடும் பிள்ளைகளைப் பொழுது சாயும்போது பின்வாசலில் நின்று கூப்பிடுவார். "டிக்கெட், டிக்கெட்" என்பார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தலையை நீட்ட, தட்டி எண்ணி உள்ளே ஏற்றுவார். அப்புறம் தாழ்ப்பாள். அப்புறம் தலைக்கு ஒரு டம்ளர் பால்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை எதுவும் சேர்ந்து வருகிறதோ என்று நினைத்தாள். பக்கத்து வீடு பூட்டிக்கிடந்து ஒரு வருஷம் ஆகிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

படுக்கையில் பெரியவளிடம் கேட்டாள். "உங்ககூட யாருடீ விளையாட வர்றது?"

"யாருமில்லம்மா. நானும் தம்பியும்தான். தாத்தா சும்மா காத்துல தட்டி மூணுன்றார். எனக்கு ஒருத்தரும் தெரியல."

"அப்ப அந்தப் பாலை யாரு குடிக்கிறா?"

பெரியவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "தெரியாது. நான் அந்தப் பக்கம் பாக்கமாட்டேன்."

சின்னவன் அக்காவைத் தாண்டி எட்டிப்பார்த்தான். "அவனுக்கு வெளியில பயம்மா. இருட்டினா ஒருத்தர் வருவாங்களாம். வெளிய நிக்கிற பிள்ளைய இழுத்துட்டுப் போயிடுவாங்களாம். அதான் எங்ககூட உள்ள வந்துடறான்."

"சரி, தூங்கு," என்றாள் அவள். நாலு வயதுக்காரன் வாயில் நூறு கதை பிறக்கும். அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள அவளுக்குத் தெம்பு இல்லை. கணுக்கால் வீங்கியிருந்தது. அவளுக்குத் தூக்கம் ஒன்றுதான் வேண்டியிருந்தது.

நாயும் அந்த வாரத்தில் மாறிப்போயிருந்தது. நாள் முழுக்கத் தூங்குவதால் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்தது கணவன்தான். பொழுது சாய்ந்தால் கூடத்து நாற்காலிக்கு அடியில் சுருண்டுகொள்கிற பிராணி, இப்போது பிள்ளைகள் உள்ளே போனதும் வெளியே ஓடிப்போய், மதிலோரம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு, பின்வாசலையே பார்த்தது. சோற்றுத் தட்டைக் காட்டிக் கூப்பிட்டாலும் படி ஏறவில்லை. கழுத்து மயிர் மட்டும் நட்டுக்கொண்டு நிற்கும்.

விடுமுறை நாளில் அவளே பார்த்தாள். வானம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம். அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், மாமனாரின் குரல் கேட்டுக் கத்தியோடு எட்டிப்பார்த்தாள். பெரியவள் தலையை நீட்டினாள். "ஒண்ணு." சின்னவன் குதித்துக்கொண்டே நீட்டினான். "ரெண்டு." அதோடு அவர் கை கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. சின்னவன் உயரத்துக்குச் சரியாக, வெறும் காற்றில் இறங்கி, ஏதோ ஒன்றில் பட்டு நின்றது. விரல் நுனிகள் மெல்ல மடங்குவதைப் பார்த்தாள்.

"மூணு," என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, "இவன் தலை ஈரமாவே இருக்கும்மா. ஒரு துண்டு எடுத்துக் கொடேன், துவட்டி விடுறேன்" என்றார்.

வந்த பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கோபமாக்கிக்கொண்டாள். ஒருவாரச் சோர்வு முழுவதும் அந்தக் கிழவர்மேல் போய் விழுந்தது.

"போதும் மாமா. வீட்டுல ரெண்டே பிள்ளைங்க. நான் பெத்தது ரெண்டு. உங்க பாஷையிலயே சொல்றேன், இந்த வண்டியில ரெண்டு சீட்டுதான். ரெண்டு தலை ஏறினதும் கதவைச் சாத்திடுங்க. மூணாவதா எது வந்தாலும் ஏத்தாதீங்க. அழுதாலும் சரி, கெஞ்சினாலும் சரி."

மாமனார் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். துடைத்த இடம் நனைந்து கறுத்தது.

"சரிம்மா," என்றார். "நீ சொன்னா சரி. ரெண்டுதான்."

இத்தனை வருஷத்தில் அவர் எண்ணிக்கையை யாரும் தப்பென்று சொன்னதில்லை. அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்குச் சமாதானமாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். காலையில் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அது மறந்தே போயிற்று.

சலவைக்கூடத்தில் விரிப்புகளைப் பத்துப் பத்தாகக் கட்டுவார்கள். எண்ண வேண்டியதில்லை, கையில் தூக்கினாலே அவளுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு மாலை ஒரு கட்டு கனத்தது. பதினொன்று. மேலே இருந்ததை உருவி ஓரமாகப் போட்டாள். எது கூடுதலாக வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. கையில் அகப்பட்டதை எடுத்தால் தீர்ந்தது, கட்டு சரியாகிவிடும்.

உருவிய விரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னவோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

பஸ் தாமதம். தெருவில் கணுக்கால் தண்ணீர். வீட்டு வாசலில் வந்து நின்றபோது நன்றாக இருட்டிவிட்டது. நாயின் சத்தமே இல்லை. கதவைத் தட்டினாள். மாமனார் வந்து திறந்தார். நேற்று வாடிப்போயிருந்த முகத்தில் இன்றைக்கு ஒரு தெளிவு.

"ரெண்டே டம்ளர்மா," என்றார். "போய்ப் பாரு."

அவளுக்கு உயிர் வந்தது. செருப்பை உதறிவிட்டுக் கூடத்துக்குள் எட்டிப்பார்த்தாள். மேசைமேல் இரண்டு டம்ளர்கள். மேசைமுன் இரண்டு நாற்காலிகளில் இரண்டு சின்ன முதுகுகள். ஒன்று பெரியவள். பக்கத்தில், தலையோடு தோளையும் மூடித் துண்டு போர்த்திய ஒன்று.

"மழையில நனைஞ்சிருந்தான். துவட்டித் துண்டைப் போட்டு உக்காத்தி வெச்சேன்," என்றார் மாமனார்.

"நல்லது மாமா." அவள் பையை இறக்கினாள். அவர் மனம்குளிர ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது. "நேத்து நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க."

"அட, அதுல என்னம்மா. ஆனா நீ சொன்னது கஷ்டமான வேலைதான்." குரலைத் தாழ்த்தினார். "முதல்ல பெரியவ ஏறினா. அடுத்து இந்த ஈரத் தலை. ரெண்டாச்சா, கதவைச் சாத்தி மேல்தாழ்ப்பாளும் போட்டுட்டேன். மூணாவது வெளியில நின்னு தட்டுச்சு பாரு, அப்படித் தட்டுச்சு. தாத்தா, தாத்தான்னு ஒரே அழுகை. அப்படியே நம்ம பய குரல்."

அவள் கை பைமேலேயே நின்றுவிட்டது.

"பெரியவகூட ஏமாந்துட்டா. தம்பி வெளிய இருக்கான், தம்பி வெளிய இருக்கான்னு தாழ்ப்பாளைப் பாத்துக் குதிச்சா. பக்கத்துல உக்காந்திருக்கறது யாருன்னு கையைப் பிடிச்சுத் தொட்டுக் காட்டினேன். அப்புறம் அடங்கிட்டா. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல."

பெரியவள் அசையவில்லை. அவள் டம்ளரில் பால் ஆடை படிந்து, விளிம்புவரை அப்படியே இருந்தது. இடது மணிக்கட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கை பிடித்திருந்தது. சின்னக் கை. ஊறி, வெளுத்து, சுருங்கிய கை.

பக்கத்து டம்ளர் காலி. விளிம்பு சுத்தம்.

கூடம் முழுக்க அந்த வாடை. மூட்டை கட்டிய ஈரத்துணி.

"எவ்வளவு நேரம் மாமா?" பின்வாசல் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு நேரம் அழுதான்?"

"ரொம்ப நேரம் இல்லம்மா. இருட்டுற வரைக்கும்தான். நாயும் கூடவே கத்துச்சு. அப்புறம் ரெண்டும் ஒரேயடியா நின்னுபோச்சு."

அவள் பின்கதவுக்கு ஓடினாள். நாற்காலி விழுந்தது. மேல்தாழ்ப்பாள். கீழ்த்தாழ்ப்பாள். விரல் வழுக்கியது. மறுபடி. திறந்தது.

மழை. இருட்டு. படியில் சின்னவனின் ஒற்றைச் செருப்பு, கவிழ்ந்து. மகனைக் கூப்பிட்டாள். மதிலுக்கு அப்பாலும் கூப்பிட்டாள். நாயைக்கூடக் கூப்பிட்டாள். எதுவும் வரவில்லை.

"என்னம்மா?" என்றார் மாமனார் உள்ளேயிருந்து. அவர் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து மேசைப் பக்கம் போகிற சத்தம். தலையைத் தட்டுகிற சத்தம். "ஒண்ணு." மறுபடி தட்டுகிற சத்தம், ஈரத்தில். "ரெண்டு. சரியாத்தான் இருக்கு. கதவைச் சாத்தும்மா, குளிர் வருது."

கூடத்து வெளிச்சம் கதவின் வெளிப்பக்கத்தில் விழுந்தது. சேற்றுக் கைகள். நாலு வயது உயரத்தில் பத்துப் பன்னிரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. அதற்குக் கீழே, உட்கார்ந்த உயரத்தில் இரண்டு. அதற்கும் கீழே நிலைப்படியில் ஒன்று. கடைசியாக, படியின் வெளி விளிம்பில், ஐந்து விரலும் வீட்டைப் பார்த்து நீண்டபடி ஒன்று. அதிலிருந்து ஐந்து கோடுகள் இருட்டுக்குள் போயிருந்தன. மழை அவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது.