வலப்பக்கத்து இரும்புக் கதவு

அடுப்பில் வழிந்த பாலின் கறையைக் காணவில்லை.

குமாரசாமி குனிந்து பார்த்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தும் பார்த்தார். நேற்று, பேத்தி நிலானி பிறந்த முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்த கையோடு இந்தப் பழைய விறகடுப்பை முதன்முதலாக மூட்டிப் பால் காய்ச்சியிருந்தார். பால் பொங்கிக் கிழக்கே வழிந்து, இரும்புத் தட்டின் இடுக்கால் அடுப்பின் வலப்பக்கத்துச் சின்ன அறைக்குள்ளும் இறங்கியது. நல்ல சகுனம், ஒருத்தரும் துடைக்கக் கூடாது என்று சொல்லி வைத்தார். கருகிய பால் இரும்பில் பிடித்தால் சுரண்டினாலும் இலேசில் போகாது. இப்போது அந்த இடம் பளிச்சென்று கிடந்தது. துடைத்திருந்தால் அவர் பூசிய கறுப்பு மெழுகும் சேர்ந்து போயிருக்க வேண்டும். மெழுகு இருந்தது. பால்தான் இல்லை.

“பிள்ளை, அடுப்பைத் துடைச்சனியோ?”

மருமகள் தர்மிகா தொட்டிலை ஆட்டியபடியே நிமிர்ந்தாள். “இல்லை மாமா. நீங்கள்தானே தொடவேண்டாம் எண்டு கத்தினீங்கள்.”

“கத்தேல்லை. சொன்னனான்.”

“நீங்கள் சொல்லுறது பக்கத்து வீட்டுக்கும் கேக்குது.”

பொய் சொல்கிறாள் என்று நினைத்தார். ஆட்களை நம்பிக் கெட்டுப்போகிற சாதியில்லை அவர்.

ஜெர்மனியில், வுப்பர்டாலில் மகன் லக்ஸன் வாங்கிய இந்த வீட்டின் நிலவறையில் அடுப்பு துருவேறிக் கிடந்தது. இடப்பக்கம் விறகு எரிகிற வாய். வலப்பக்கம், கோப்பைகளைச் சூடாக வைக்கிற சின்ன அறை. அந்த அறையின் கதவைச் சுற்றி யாரோ களிமண் அப்பி அடைத்திருந்தார்கள். முப்பது வருடம் இரும்பு வார்க்கிற தொழிற்சாலையில் நின்றவர் குமாரசாமி. அடுப்பை மேலே கூடத்துக்கு ஏற்றி வைத்து, மூன்று மாதம் கம்பித் தூரிகையால் துருவை உரஞ்சினார், எரிவாய்க்குள் வெடித்திருந்த தீக்கற்களை மாற்றினார், களிமண்ணை உளியால் தட்டிக் கொட்டினார். புகைக்கூடு பார்க்கிறவன் வந்து, எரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டான்.

பக்கத்து வீட்டுச் சாண்ட்ராதான் வாசலில் வந்து நின்று கையைப் பிசைந்தாள். இந்த வீட்டை விற்ற கிழவியின் பேத்தி. அவருக்கு விளங்கட்டும் என்று ஜெர்மனை மெதுவாகப் பேசினாள்.

“உலகப் போர் முடிந்த குளிர்காலம். என் பாட்டியின் அம்மாவுக்கு ஏழு மாதத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. கம்பளியால் சுற்றி அந்த அறைக்குள் வைத்து, கதவைத் திறந்துவிட்டு, அடுப்புச் சூட்டில் வளர்த்தாள். நாற்பது நாள். பிறகு ஒரு நாள் கதவு சாத்திக்கொண்டது. தானாகச் சாத்தியது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் களிமண் பூசினார்கள். அதைத் திறந்து வைக்காதீர்கள், ஹெர் குமாரசாமி. அடுப்பை எனக்கே தந்துவிடுங்கள்.”

கடைசிச் சொல்லில்தான் குமாரசாமிக்கு விசயம் பிடிபட்டது. துருவாகக் கிடந்தபோது வேண்டாம். மினுக்கின பிறகு வேண்டுமாம். “நைன், முடியாது” என்று வாசற்கதவைச் சாத்தினார்.

இப்போது கறை போன மாயத்தையும் ஒரு கை பார்க்க நினைத்தார். ஒரு பேணி பாலை வலப்பக்கத்து அறைக்குள் வைத்து, கதவை மூடி, கைப்பிடியைச் சுற்றிக் கறுப்பு நூல் கட்டினார். தர்மிகா திறந்தால் நூல் அறும்.

விடியப் பார்த்தார். நூல் அறவில்லை. பேணிக்குள் ஒரு சொட்டும் இல்லை. விரலை விட்டுத் தடவினார், அடி உலர்ந்து வழுவழுப்பாக இருந்தது.

அடுத்த நாளும் வைத்தார். அதற்கடுத்த நாளும் வைத்தார். மூன்றாம் நாள் பேணியை எடுக்கக் கைவிட்டபோது உள்ளே சூடு. பால் காய்ச்சிய நாளுக்குப் பிறகு அடுப்பு மூட்டவில்லை. அது நெருப்பின் சூடுமில்லை. நித்திரையால் எழும்பின பிள்ளையின் முதுகில் இருக்குமே, ஈரமான சூடு, அது.

ஒருத்தருக்கும் சொல்லவில்லை. மகனிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போக நாள் கேட்டு டெர்மின் எடுப்பான். சாண்ட்ராவிடம் சொன்னால் அடுப்பைத் தூக்க ஆளோடு வருவாள்.

அன்று பகல் தர்மிகா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுவது போல இருந்தாள். “மூண்டு நாளா இவள் ஒழுங்காப் பால் குடிக்கிறாளில்லை மாமா.”

நிலானி சிணுங்கினாள். அவளுடைய அழுகை அவருக்குத் தனியாகத் தெரியும். மூன்று தரம் வீறிடுவாள், பிறகு ஒரு விக்கல். இக். எந்த ஆசுபத்திரிக் கூட்டத்துக்குள்ளும் அந்த விக்கலை வைத்துப் பிடித்துவிடுவார்.

மூன்று, விக்கல். மூன்று, விக்கல்.

நாலாம் நாள் வீட்டுச் சூடாக்கி நின்றுவிட்டது. வெளியே பனி. லக்ஸன் வேலைக்குப் போய்விட்டான்.

“மாமா, அடுப்பை மூட்டுங்கோ. பிள்ளைக்குக் கை விறைக்குது.”

“ஏலாது.”

“ஏன் ஏலாது? மூண்டு மாசம் எங்களைக் கிட்ட அண்ட விடாமல் மினுக்கினீங்கள். உங்களுக்கு அடுப்போ பெரிசு, பேத்தியோ பெரிசு?”

விறகை அடுக்கி அடுப்பை மூட்டினார். ஆனால் வலப்பக்கத்துக் கதவை விரியத் திறந்து, அடியில் ஒரு மரத்துண்டைச் செருகி இறுக்கினார். தொட்டிலை எட்டத்தில், சுவரோரம் வைத்தார். தர்மிகா சோபாவில் சாய்ந்து அப்படியே கண்ணயர்ந்தாள். குமாரசாமி கதிரையைப் போட்டு அந்தக் கறுத்த ஓட்டையைப் பார்த்தபடி இருந்தார். விறகு வெடித்தது. பனி யன்னலில் ஒட்டி ஒட்டி இறங்கியது. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. மெழுகு காய்கிற மணம் மெல்ல மெல்லப் போய், அதன் அடியிலிருந்து வேறொரு மணம் வந்தது.

கருகிய பால்.

விறகு தீர்ந்தது. பின்வளவுக் கொட்டிலுக்குப் போய் ஒரு கைச்சுமை எடுத்து வர ஐந்து நிமிடம்கூட ஆகியிராது.

வாசலிலேயே நின்றார்.

மரத்துண்டு நிலத்தில் கிடந்தது. அடுப்பின் வலப்பக்கத்துக் கதவு சாத்தியிருந்தது. கைப்பிடி குறுக்கே விழுந்து பூட்டியிருந்தது.

உள்ளே அழுகை.

ஒன்று. இரண்டு. மூன்று.

இக்.

விறகு கையால் நழுவியது. தொட்டிலைப் பார்த்தார். தொட்டில் காலியில்லை. கம்பளிக்குள் ஒரு பிள்ளை படுத்திருந்தது. நிலானியின் முகம். நிலானியின் தொப்பி. கண் வெட்டாமல் அவரைப் பார்த்தது. வாயை அகலத் திறந்தது. சத்தம் வரவில்லை.

தர்மிகா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பினாள். “என்ர குஞ்சுக்குப் பசிக்குதோ?”

“தூக்காதை!”

“ஏன் கத்துறியள்?” தூக்கிவிட்டாள். மார்போடு அணைத்தாள். மடக்மடக்கென்று குடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவள் முகம் மலர்ந்தது. “பாருங்கோ மாமா! சூடு பட்டதும் என்ன குடி குடிக்கிறாள்!”

“பிள்ளை அதுக்குள்ள... அதுக்குள்ள அழுறாள்... கேக்கேல்லையோ?”

“எதுக்குள்ள?”

அவர் கைப்பிடியைப் பிடித்தார். வெறுங்கை. தோல் இரும்பில் ஒட்டியது. இழுத்தார். அசையவில்லை. மற்றக் கையையும் போட்டார்.

“மாமா! கையை எடுங்கோ! ஐயோ, கை எரியுது!”

ஒன்று. இரண்டு.

தாயின் கைக்குள்ளிருந்து அது முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது. கடைவாயில் பால் வழிந்தது. பாலோடு மெல்லியதாய் ஒரு இழை புகை.

கதவுக்குப் பின்னால், மிகச் சின்னதாய், ஒரு விக்கல்.

அது திரும்பிக் குடிக்கத் தொடங்கியது.