அப்பா இன்னும் சொல்லி முடிக்கவில்லை

"ராத்திரி அவர் நல்லா தூங்கினாரா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டார்.

கேட்டது அம்மாவிடம். 'அவர்' என்றது அப்பாவை. அந்த அப்பா எங்கே இருந்தார்? அத்தைக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. காது இரண்டும் அதனதன் இடத்தில்தான் இருந்தன.

"தூங்கினார்," என்றார் அம்மா.

"சாப்பாடு இறங்குதா?"

"கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடறார்."

"பாவம். நம்மளையெல்லாம் அடையாளம் தெரியுதா?"

மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மிளகாயின் பென்சில் முனை பட்டென்று ஒடிந்தது.

மிளகாய் என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பதினோரு வயதுப் பெண்ணுக்கு யாராவது அப்படிப் பெயர் வைப்பார்களா? கோபம் வந்தால் அவள் மூக்கு நுனி சிவந்துவிடும். அதைப் பார்த்து அப்பா கூப்பிட ஆரம்பித்தார், வீடு முழுக்கப் பரவிவிட்டது.

"அத்தை, அப்பா இங்கேயேதான் இருக்கார். அவரையே கேளுங்களேன்!" என்றாள் மிளகாய்.

"அச்சோ, அப்பா மேல எவ்வளவு பாசம்!" என்று அத்தை அவள் கன்னத்தைத் தட்டினார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "ஒழுங்கா வெளிக்குப் போறாரா?" என்றார்.

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மிளகாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தை படியிறங்கிப் போன பிறகும் அது அடங்கவில்லை.

அப்பா பூட்டு சாவி வேலை செய்பவர். கடைத்தெருவில் சொந்தமாகக் கடை வைத்திருந்தார். ஐந்து வாரங்களுக்கு முன்னால், ஒரு காலை நேரத்தில், யாருக்கோ சாவி வெட்டிக்கொண்டிருந்தவருடைய வலது கை திடீரென்று சோர்ந்து விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் மருத்துவர்.

முதல் மூன்று நாள் மிளகாய்க்கு எதுவுமே சரியாக நினைவில் இல்லை. ஆனால் மருத்துவர் சொன்ன ஒன்று மட்டும் கல்வெட்டுப் போலப் பதிந்திருந்தது.

"அவருக்கு எல்லாம் புரியும்மா. நம்மளை மாதிரியேதான் யோசிக்கிறார். வார்த்தை வெளியே வரத்தான் நேரமாகும். பயிற்சி செஞ்சா மெல்ல மெல்லச் சரியாகும்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார்! அப்புறமும் ஏன் யார் காதிலும் அது ஏறவில்லை?

எதிர்வீட்டு அத்தையை விடுங்கள். அம்மாவுடைய அண்ணன், மாமா, அவர் இன்னும் மோசம். மாமா பஸ் ஓட்டுநர். எஞ்சின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அதே குரல்தான். அப்பா 'த' என்று ஆரம்பித்தால் போதும், "தண்ணி! தண்ணி கேக்கறார்!" என்று அவர் போடும் சத்தம் மேல்மாடி வீடு வரை கேட்கும். அப்பா கேட்டது தலையணையாக இருக்கும். ஆனால் அதற்குள் தண்ணீர் வந்துவிடும். அப்பா பேசாமல் குடித்துவிடுவார்.

ஆனாலும் மாமாவை முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று அப்பாவை மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறியவர் அவர்தான். அம்மா சலவை நிலையத்தில் வேலைக்குப் போகும் நாள்களில், வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுபவரும் அவர்தான். இப்படிப்பட்ட ஒருவரைக் கோபிப்பது எவ்வளவு தொல்லை தெரியுமா?

அன்று மாலை அம்மா வேலைக்குப் போயிருந்தார். அப்பாவும் மிளகாயும் மட்டும் வீட்டில். அப்பா இடது கையைத் தூக்கி, "ஜ..." என்றார்.

மிளகாய் துள்ளி எழுந்தாள். "ஜூஸா அப்பா?"

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ஜட்டியா? ஜமுக்காளமா? ஜலதோஷம் பிடிச்சிருக்கா? ஜாக்..."

நாற்காலியின் கைப்பிடியில் அப்பா ஓங்கி ஒரு அடி அடித்தார். மிளகாய் திடுக்கிட்டு நின்றாள்.

"இ... ரு!"

வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாயிலிருந்து முழுசாக வந்த முதல் வார்த்தை அதுதான்.

மிளகாய்க்கு முகமெல்லாம் சுட்டது. அத்தை மேல் கோபம், மாமா மேல் கோபம் என்று ஊரையே கரித்துக்கொட்டினாளே, அவள் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தாள்? பட்டியல் போட்டு, அப்பாவின் வாய்க்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்!

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று...

பத்து வந்தது. அப்பாவின் உதடு அசைந்தது, நின்றது. பதினைந்து. நெற்றியில் வியர்வை. பதினெட்டு. உதவி செய்யாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா!

இருபது.

"ஜ... ன்... னல்," என்றார் அப்பா.

மிளகாய் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். காற்று வந்தது. அப்பா கண்ணை மூடி அதை முகத்தில் வாங்கிக்கொண்டார். ஒரு ஜன்னலைத் திறக்க அவர் எத்தனை நாள் காத்திருந்தாரோ!

அதற்கப்புறம் இருவரும் தினமும் பேசினார்கள். நாள் ஒன்றுக்கு நாலு வார்த்தை, ஐந்து வார்த்தை. சில வார்த்தைக்கு இருபது எண்ண வேண்டும். சிலதுக்கு முப்பது.

சனிக்கிழமை காலையில் மாமா பெரிய செய்தியோடு வந்தார்.

"தங்கச்சி, கடைக்கு ஆள் பார்த்துட்டேன். பஸ் ஸ்டாப்ல செல்போன் கவர் விக்கற தம்பி. நல்ல பையன். நாளைக்கு சாயங்காலம் கூட்டிட்டு வரேன், பேசி முடிச்சிடலாம். கடையை அப்படியே அவனுக்கு விட்டுடுவோம். அந்தச் சாவி வெட்டற மெஷினை இரும்புக் கடையில போட்டுடலாம்."

"இவர்கிட்ட ஒரு வார்த்தை..." என்று அம்மா இழுத்தார்.

"அவரை எதுக்கும்மா இதுல கஷ்டப்படுத்தணும்? நாம பார்த்துப்போம்."

அப்பா அதே அறையில்தான் இருந்தார். அவருடைய இடது கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது.

"இரும்புக் கடையிலயா? அது அப்பாவோட மெஷின்! அப்பாவைக் கேக்காம எப்படி மாமா?" என்று மிளகாய் கத்தினாள்.

"பார்த்தியா, மூக்கு சிவந்துடுச்சு!" என்று மாமா சிரித்தார். அவ்வளவுதான். அவள் கோபம் மாமாவுக்கு வேடிக்கையாகப் போய்விட்டது.

அன்று முழுக்க மிளகாய் யோசித்தாள். கத்தினால் சிரிக்கிறார்கள். அழுதால் கன்னத்தைத் தட்டுகிறார்கள். வேறு என்னதான் செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மாலை மாமா வந்தார். பின்னாலேயே செல்போன் கவர் விற்கும் தம்பி, செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கூச்சத்தோடு உள்ளே வந்தான். அம்மா டீயும் ஒரு தட்டு நிறைய ரஸ்க்கும் கொண்டுவந்து வைத்தார்.

"உட்காருப்பா. விஷயம் ரொம்ப சுலபம்..." என்று மாமா ஆரம்பித்தார்.

"க..." என்றார் அப்பா.

"காபி! மாப்பிள்ளைக்கு டீ வேண்டாம், காபி வேணுமாம்!"

அம்மா எழுந்தார். அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

மிளகாய்க்கு உள்ளே கொதித்தது. ஆனால் இந்தத் தடவை அவள் கத்தவில்லை. மாமாவுக்கு ரஸ்க் என்றால் உயிர் என்பதும், ஒரு முழு ரஸ்க்கை ஒரே வாயில் அடைத்துக்கொள்வார் என்பதும் அவளுக்குத் தெரியும். மெதுவாக நகர்ந்து மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காத்திருந்தாள்.

மாமா ரஸ்க்கை டீயில் நனைத்து, வாய்க்குள் தள்ளினார்.

"மாமா, உங்களுக்கு இன்னொரு டீ வேணுமா?"

"ம்... ம்ம்..."

"மாமாவுக்கு வேண்டாமாம்மா!" என்று சொல்லி, மாமாவின் டம்ளரை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

மாமா பதறிப்போய்க் கையை ஆட்டினார். அதில் இன்னும் பாதி டீ இருந்தது.

"கையை ஆட்டறார். புழுக்கமா இருக்காம். ஃபேனை வேகமா வைக்கணுமாம்."

"ம்ம்ம்! ம்..."

மிளகாய் அந்தத் தம்பியின் பக்கம் திரும்பினாள். "மாமா ராத்திரி நல்லா தூங்கினார். ஒழுங்கா வெளிக்குப் போறார். நம்மளையெல்லாம் அடையாளம்கூடத் தெரியுது. பாவம்."

தம்பி திருதிருவென்று விழித்தான்.

மாமா ஒருவழியாக விழுங்கி முடித்தார். முகம் தக்காளியாகிவிட்டது.

"ஏய்! நான் எங்கே வேண்டாம்னு சொன்னேன்? ஒரு மனுஷனை வாயைத் திறக்கவே விடாம நீயே பேசிக்கிட்டே போறே? நான் முழுங்கிட்டுச் சொல்றதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?"

"எவ்வளவு நேரம் ஆச்சு மாமா, முழுங்க?"

"என்ன, ஒரு பத்து செகண்ட் ஆகியிருக்கும்!"

"அப்பாவுக்கு இருபது ஆகுது," என்றாள் மிளகாய்.

அம்மா டம்ளரோடு அப்படியே நின்றார்.

பிறகு நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'ஹூ... ஹூ...' என்று. எல்லாரும் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். பாதி வாய்தான் சிரித்தது. ஆனால் தோள் இரண்டும் குலுங்கின. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐந்து வாரமாக இந்த வீட்டில் யாரும் கேட்காத சத்தம் அது.

சிரித்து முடித்து அவர், "க..." என்றார்.

மாமா வாயைத் திறந்தார். உடனே டப்பென்று கையால் மூடிக்கொண்டார்.

மிளகாய் மனசுக்குள் எண்ணினாள். பத்து. பதினைந்து. பதினாறு.

"க... டை."

காபியும் இல்லை, ஒன்றும் இல்லை. கடை!

மிளகாய்க்கு அடுத்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. 'தர மாட்டேன்' என்றுதானே சொல்லப் போகிறார்? அவளே சொல்லிவிடலாமா? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு... ஷ... ஷட்டர்."

ஆமாம், கடைக்கு இரண்டு ஷட்டர். ஒன்றை மட்டும்தான் அப்பா திறப்பார். இன்னொன்றின் பின்னால் பழைய பூட்டுகள் குவிந்து கிடக்கும்.

அப்பா இடது கையை மெல்லத் தூக்கி அந்தத் தம்பியைக் காட்டினார்.

"ஒண்ணு... தம்பிக்கு."

பிறகு தன் நெஞ்சில் தட்டினார். அடுத்த வார்த்தைக்குத்தான் நெடுநேரம் ஆனது. முப்பது தாண்டியது. யாரும் இருமக்கூட இல்லை.

"ஒண்ணு... எனக்கு. நான்... வருவேன்."

மிளகாய் வாயைப் பிளந்தாள். நல்லவேளை, குறுக்கே பேசவில்லை! இது அவளுக்குக்கூடத் தோன்றவில்லையே. மாமாவுக்குத் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. ஐந்து வாரமாக அப்பா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கு ஒரு ஷட்டர் போதும் சார். ஒரு வண்டி சாமான்தான் என்கிட்ட இருக்கு. முழுக் கடையை வெச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு எனக்கே பயமாத்தான் இருந்துச்சு," என்றான் தம்பி. அவன் அதை அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"ஏங்க, இதை நீங்க முன்னாடியே..." என்று ஆரம்பித்த அம்மா, சட்டென்று நிறுத்திக்கொண்டார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்கதான் கேக்கவே இல்ல."

மாமா எழுந்து வந்தார். முதல் தடவையாக அவர் குரல் சின்னதாக இருந்தது.

"மாப்பிள்ளை, தப்பு என்னோடதுதான். வேற ஏதாவது சொல்லணுமா? நிதானமா சொல்லுங்க. நான் வாயே திறக்கலை."

அப்பா யோசித்தார். உதடு குவிந்தது.

"ர... ர..."

மாமாவின் கன்னம் உப்பியது. ஆனால் அடக்கிக்கொண்டார். பாவம், பஸ்ஸை மேட்டில் நிறுத்தி வைத்திருப்பதுபோல நின்றார்.

"ரஸ்க்," என்றார் அப்பா.

மாமா தட்டோடு கொண்டுபோய் நீட்டினார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அப்பா பயிற்சிக்குப் போனார், வந்தார். சில நாள் வார்த்தை வராமல் கோபத்தில் செய்தித்தாளைக் கிழித்தார். வலது கை மெதுவாகத்தான் திரும்பியது. எதிர்வீட்டு அத்தை மட்டும் அடிக்கடி மறந்துவிடுவார். அப்போதெல்லாம் மாமாவே, "அவரையே கேளுங்கம்மா!" என்று மேல்மாடி வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார்.

ஏழாவது மாதம் அப்பா கடைக்குப் போனார். ஒரு ஷட்டரில் கலர் கலராகச் செல்போன் கவர்கள். இன்னொன்றில் அப்பாவும் அவருடைய மெஷினும்.

பள்ளி விட்டு மிளகாய் அங்கே போனபோது, ஒரு பெண்மணி சாவியோடு அவசரமாக வந்தார். அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மிளகாயிடம், "இன்னொரு சாவி செய்ய எவ்வளவு நேரமாகும் பாப்பா?" என்றார்.

மிளகாயின் மூக்கு சிவக்கத் தொடங்கியது. ஆனால் அதற்குள் பக்கத்து ஷட்டரிலிருந்து அந்தத் தம்பி எட்டிப் பார்த்தான்.

"கடைக்காரர் அவர்தாங்க. கொஞ்சம் இருங்க, சொல்வார்."

அந்தப் பெண்மணி அப்பாவைப் பார்த்தார். அப்பா அவசரப்படவில்லை. சாவியை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்து... நிமிஷம்," என்றார்.

"சரிங்க," என்று அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எட்டாவது நிமிடமே சாவி தயாராகிவிட்டது.