பிடரி பார்த்தல்

தோலைக் கருக்கவைக்கும் கார்போகரிசி விதைச் சாற்றை ஆளுக்கு ஒரு குவளை குடித்தோம். போன வாரம் எங்கள் தெருவுக்கு மட்டும் வந்த புது விதை, கசப்பு குறைவு. என் மனைவி ஃபெலிசியா திரும்பி நின்று கூந்தலைத் தூக்கிப் பிடித்தாள். உப்பளத்துக்குக் கிளம்பும் முன் எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். முகத்தையும் கையையும் கதவிலிருக்கும் நிறமானி பார்த்துவிடும். முடிக்குள்ளும் காதின் பின்னாலும் அந்த ஸ்கேனருக்கு எட்டாது. அதை வீட்டு ஆள் பார்த்துக் கதவிடம் சொல்ல வேண்டும்.

ஓசோன் போனபின் வெயிலைத் தாங்குவது விதை தரும் இந்தக் கருமை மட்டும்தான். விதை கேட்காத தோல் வெளுக்கும். வெளுத்தவரை நிலவறைக்கு இறக்கிவிடுவார்கள். இறங்கியவர் யாரும் மேலே வந்ததில்லை. மறைத்துக்கொண்டு வெயிலில் நடந்தவர்கள் தோல் வெந்து செத்தார்கள்.

ஃபெலிசியாவின் இடது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு வெளுத்திருந்தது.

விரலால் தேய்த்தேன். போகவில்லை.

"என்ன பாக்கிய, ஜோசியமா? லாரி போயிரும்."

"பேன் இருக்கான்னு பாக்கேன்."

"இருந்தா உங்க தலையிலேருந்துதான் வந்திருக்கும். கதவுகிட்ட சொல்லுங்க."

சொன்னால் இன்றைக்கே கூட்டிப்போய்விடுவார்கள்.

"கருப்பு," என்றேன்.

அடுத்து நான் திரும்பி நின்றேன். அவள் விரல் என் பிடரியில் இறங்கி ஓர் இடத்தில் நின்றது. அவள் மூச்சும் நின்றது.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல." விரலை எடுத்தாள். "கருப்பு."

நான் பொய் சொன்ன அதே குரல்.

கதவு திறந்தது. வெயிலில் கால் வைத்ததும் என் பிடரியில் அந்த ஓர் இடம் மட்டும் எரிந்தது. அவள் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. இருவரும் பார்த்துக்கொண்டோம்.

லாரியில் ஒலிபெருக்கி பாராட்டிக்கொண்டிருந்தது. புது விதை வந்து ஒரு வாரமாகியும் எங்கள் தெருவில் ஒரு வெளுப்புகூடச் சொல்லப்படவில்லையாம். நாளை முதல் எல்லா ஊர்களுக்கும் இதே விதைதானாம்.

எதிரே இருந்த மேஸ்திரி பிடரியைத் தடவினார். பக்கத்தில் அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த இருக்கையில் ஒருவர் துண்டை இழுத்துக் கழுத்தை மூடினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

"சொல்லிருவமா?" என்றேன் மெதுவாக.

ஃபெலிசியா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சொன்னா உங்களத்தான மொதல்ல இறக்குவாங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். லாரி முழுக்க அப்படித்தான் இருந்தது.