நூற்றுப்பத்தாம் முகவரி

திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிரதீபா குடையை விரித்தாள்... தனக்கில்லை, கையிலிருந்த அட்டைப்பெட்டிக்கு.

"இன்னாங்க, உள்ள கொழந்தையா? நீங்க நனைஞ்சுகினு அதுக்குக் கொட புடிக்கிறீங்க."

டீக்கடை ஓரம் பைக்கை நிறுத்திவிட்டு ஒதுங்கியிருந்தவன் கேட்டான். இமையில் மழைத்துளி... அதற்குக் கீழே சிரிக்கிற கண்கள்.

"கொழந்தைன்னா தொடைச்சு எடுத்துடலாம். இது நனைஞ்சா செத்துடும்."

அவன் சத்தமாகவே சிரித்தான். அவளுக்கும் உதட்டோரம் ஏதோ வந்தது. அடக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

அரைமணி கழித்து, கடற்கரை ஓட்டல் ஒன்றின் கணினி சர்வர் அறைக் கதவைத் திறந்தவனும் அவன்தான். பெயர் இனியன். கல்தச்சர் வீட்டுப் பிள்ளை. டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருடமாக அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறான். சர்வர் உறைந்து நின்றால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடிவந்து எழுப்புவது அவன் வேலை.

பிரதீபா பெட்டியைப் பிரித்தாள். உள்ளங்கை நீளத்தில் ஒரு கார்டு.

"இதை சர்வருக்குள்ள மாட்டிடுவேன். இதுக்குத் தனி கேபிள், தனி ஐபி முகவரி. சர்வர் படுத்துட்டாலும் இது முழிச்சிருக்கும். செங்கல்பட்டுல எங்க ஆபீஸ்ல உக்காந்தே சர்வரை அணைச்சு எழுப்பலாம்."

அந்தக் கண்களில் சிரிப்பு நின்றுபோனது.

"அப்போ நான் எதுக்கு?"

அவள் கார்டின் மேல் குனிந்துகொண்டாள். 'அப்புறம் இங்க தனியா ஒரு ஆள் தேவைப்படாது' என்று ஓட்டல் மேலாளர் கோதண்டராமன் போனில் சொன்னது அவளுக்குத் தெரியும்...

"எந்த முகவரி காலியா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"நூத்திப்பத்து. போட்டுக்குங்க." முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

கார்டை மாட்டி, நூற்றுப்பத்தைக் கொடுத்து, சேமித்தாள். பத்தே நிமிடம். கோதண்டராமன் மூச்சு வாங்க ஓடிவந்தார். வரவேற்பறைக் கணினி நெட்வொர்க்கிலிருந்து விழுந்துவிட்டது. மழையில் நனைந்து வந்த இரண்டு பஸ் விருந்தினர்கள் அறைச்சாவிக்காக நிற்கிறார்கள்.

"நல்லா ஓடிட்டிருந்ததைக் கெடுத்துட்டீங்களேம்மா. கழட்டி எடுத்துட்டுப் போங்க. உங்க கம்பெனி சங்காத்தமே வேணாம்."

பிரதீபா தலை குனிந்து நின்றாள். நனைந்த கூந்தலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது... கண்ணிலிருந்தும்.

இனியன் தன் நோட்டைத் திறந்தான். நூற்றுப்பத்து... வரவேற்பறை. ஒரே முகவரியை இரண்டுக்குக் கொடுத்தால் ஒன்று விழத்தான் செய்யும். அவன் கையெழுத்துதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கார்டு போய்விடும், தன் வேலை தப்பிவிடும். ஆனால் அவள் திரும்பிப் போகிற ஆபீசில் அவள் வேலை தப்புமா...?

"சார், தப்பு என்னுது. காலியா கீதுன்னு நான்தான் சொன்னேன். கோவத்துல நோட்டைப் பாக்கல."

பிரதீபா நிமிர்ந்தாள். "போடறதுக்கு முன்னாடி நானும் சரிபார்த்திருக்கணும் சார். கழட்ட வேணாம், அஞ்சு நிமிஷம் குடுங்க."

அவன் நோட்டைப் பார்த்து எண் படித்தான். அவள் மாற்றினாள். வரவேற்பறையில் சாவிகள் கைமாறத் தொடங்கின.

கடைசித் திரையில் ஒரு கேள்வி மீதியிருந்தது: கோளாறு என்றால் யாருக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும்? அவள் தன் அலுவலக முகவரியைப் போட்டாள். கீழே அவனுடைய மின்னஞ்சலைக் கேட்டு அதையும் சேர்த்தாள். பிறகு கோதண்டராமனிடம் திரும்பினாள்.

"சார், தூரத்துல இருந்து எங்களால எழுப்பத்தான் முடியும். கேபிள் கழண்டாலோ டிஸ்க் போனாலோ இங்க ஒரு ஆள் வேணும். செஞ்ச தப்பை ஒத்துக்கற ஆளா இருந்தா இன்னும் நல்லது."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி... இருக்கட்டும்" என்றபடி நடந்தார்.

கார்டு ஒழுங்காக வேலை செய்தது. முதல் மாதம் சந்தேகம் கேட்டு இனியன் நாலு முறை போன் செய்தான். அடுத்த மாதம் இரண்டு. அதன்பிறகு கேட்க எதுவுமில்லை. பிரதீபா தினமும் காலையில் முதல் வேலையாக அந்த ஒரு சர்வரைத் திரையில் திறந்து பார்த்தாள்... எல்லாம் பச்சை. ஏனோ எரிச்சலாக வந்தது.

தை மாதத்தில் ஒரு மதியம் போன் அடித்தது.

"ஒரு பிரச்சினைங்க."

"என்ன ஆச்சு? இங்க எல்லாம் பச்சையா காட்டுதே."

"அதான் பிரச்சினை. நீங்க வர்றதுக்கு ஒரு காரணமும் இல்லாம செஞ்சுட்டுப் போய்ட்டீங்க."

அவன் குரல் இறங்கியது.

"ஒரு கேபிளைப் புடுங்கி வுட்டுடலாமான்னு கையை வெச்சேங்க. மனசு வரல... உங்ககிட்ட பொய் சொல்லி உங்களை வரவெக்கக் கூடாது. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அவ்ளோதான்."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரதீபா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முகம் சுட்டது.

"எனக்கும்தான்" என்றாள் மெல்ல. "ஞாயித்துக்கிழமை அப்பா வீட்ல இருப்பாரு... வந்து அவர்கிட்டயும் இதே மாதிரி நேராச் சொல்லிடுங்க."