ஓரிராவூரின் வரவேற்புரை

கடந்த காலத்தைக் காட்டும் காலச்சாளரம் ஓரிடத்தில் ஒரே ஒரு முறைதான் திறக்கும், அதுவும் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்கு ஓரிராவூர்க்காரர்கள் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பொன்னாடை வேறு வாங்கி வைத்திருந்தார்கள். சாளரத்தை இயக்க வந்த பொறியாளர் செங்கமலத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

செம்புவிக் கோளில் முதலில் இறங்கிய நால்வர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே கூடாரமடித்தார்கள். மறுநாள் கிணறு தோண்ட இருந்தவர்கள், விடிவதற்குள் துளைக்கருவியைக்கூடப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அந்தக் கருவிக்கு ஊரார் ஆண்டுதோறும் மாலை போடுகிறார்கள். ஆனால் முன்னோடிகளே ஓடிய இடத்தில் தண்ணீர் ஏது என்று நீர்வாரியம் கையை விரித்துவிட்டது. ஓடிய காரணத்தை எழுதிக் கொடுத்தால் கிணறு. இல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியில் ஊரைக் காலி செய்ய வேண்டும். அந்தக் காரணத்தைப் பார்க்கத்தான் இந்தச் சாளரம்.

“தலைவரே, மைக்கை அணைச்சிடுங்க. நம்ம சத்தம் சாளரம் வழியா அந்தப் பக்கம் போகும்,” என்று செங்கமலம் நான்காவது முறையாகச் சொன்னாள்.

விழாக்குழுத் தலைவர் அருளானந்தம் சிரித்தார். “அவங்க செத்து எத்தனை காலமாச்சு! காதுல விழவா போகுது? வந்தவங்கள வாங்கன்னு சொல்லலேன்னா நல்லாவாம்மா இருக்கும்?”

இவரோடு பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தினாள்.

பந்தலின் நடுவே அந்தப் பழைய இரவு தெரிந்தது. கூடாரத்து முன்னால் நால்வர். ஒருத்தி துளைக்கருவியைத் தட்டிக்கொடுத்தாள். “மண்ணு ஈரமாத்தான் இருக்கு. காலையில தோண்டிடலாம்.”

செங்கமலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“பெருமதிப்பிற்குரிய முன்னோடிகளே!” என்று ஒலிபெருக்கி அலறியது.

நால்வரும் துள்ளி எழுந்தார்கள். அவர்கள் பக்கத்து இருட்டில் ஆளே இல்லை, குரல் மட்டும்.

“ஐயோ, நிறுத்துங்க!” என்று செங்கமலம் கத்தினாள்.

“நம்மளத் திரும்பிப் பாக்குறாங்க! எல்லாரும் பலமா கைதட்டுங்க!”

ஊரே தட்டியது. கருவியைப் போட்டுவிட்டு நால்வரும் ஓட்டமெடுத்தார்கள். சாளரம் மூடிக்கொண்டது.

“தொண்ணூறு வருஷமா பக்கத்து ஊர்லேந்து தண்ணி சுமக்கிறீங்களே, எல்லாம் உங்க மைக்காலதான்!” செங்கமலம் வாரியத்தின் படிவத்தை எடுத்து, ‘ஓடிய காரணம்’ என்ற இடத்தில் ‘ஊராரின் வரவேற்புரை’ என்று எழுதினாள்.

அருளானந்தத்தின் முகம் வெளிறியது. “எழுதாதம்மா, மானம் போயிடும். தெரியலேன்னு போடு.”

“அப்ப ஊரைக் காலி பண்ணுங்க.”

அவர் பந்தலைப் பார்த்தார், காலிக் குடங்களைப் பார்த்தார். கையெழுத்துப் போடக் குனிந்தவர், பேனாவை நிறுத்தினார்.

“வரவேற்புரைக்கு முன்னாடி ‘சிறப்பான’ன்னு ஒரு வார்த்தை சேத்துடும்மா.”